மெதுவாக ஓடும் சேமிப்புப் பெட்டி: செயலியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம் செய்கிறார்கள். ஊரில் உள்ள மூத்தவர்களைச் சந்தித்து, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வருவார்கள். கமலை இறைக்கும்போது பாடிய பாட்டு, கண்மாயில் மீன் பிடித்த கதை, மணலில் விரலால் எழுத்துப் பழகிய நினைவு என்று எட்டு ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்துவிட்டன. பேசியவர்களில் பலர் இன்று இல்லை.

இந்தப் பதிவுகள் எல்லாம் எங்கள் கணினி அறையின் மூலையில் இருக்கும் ஒரு சிறு பெட்டியில் உள்ளன. முன்னாள் மாணவர் ஒருவர், தன் அலுவலகத்தில் பயன்பாடு முடிந்த கருவியைப் பள்ளிக்கு நன்கொடையாகப் பெற்றுத் தந்தார். சென்ற ஆண்டு அந்தப் பெட்டி வகுப்பு நடத்த முடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "செயலி பழசு டீச்சர், மாத்திடுங்க."

கடைசியில் மாற்றினோம், நன்றாக ஓடுகிறது. ஆனால் எங்கள் சிக்கலில் பாதிக்குச் செயலி காரணமே இல்லை. மீதிப் பாதியைச் சரிசெய்யக் கிளம்பியபோது, அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளே இருப்பது தெரியவந்தது. நம் பள்ளிகள் பலவற்றில் இப்படிப் பழைய கருவிகள் இருக்கின்றன. எனவே எங்கள் அனுபவத்தை, அதன் பின்னுள்ள அறிவியலோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கோப்புகளை வைப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து எல்லாக் கணினிகளும் எடுத்துக்கொள்ளும்படி செய்வது வலையமைப்புச் சேமிப்புக் கருவி. கடைக்காரர்கள் சுருக்கமாக 'நாஸ்' என்பார்கள். உள்ளே இருப்பது ஒரு சிறிய கணினிதான். செயலி, நினைவகம், தாய்ப்பலகை, வன்தட்டுகள், வலையமைப்பு இணைப்பு எல்லாம் உண்டு. திரையும் விசைப்பலகையும்தான் இல்லை.

எங்களுடையது ஹெச்பி புரோலியண்ட் மைக்ரோசர்வர் 8ஆம் தலைமுறை. 2013இல் வெளிவந்த மாதிரி. நான்கு வன்தட்டுகள் வைக்கலாம். இன்டெல் செலரான் ஜி1610டி என்ற இரண்டு உட்கருக்கள் கொண்ட செயலி இருந்தது. 'ஓப்பன்மீடியாவால்ட்' என்ற கட்டணமில்லா மென்பொருளை நிறுவி, பாட ஒளிப்படங்களை ஒரு பகுதியிலும் மாணவர்களின் குரல் பதிவுகள், நிழற்படங்கள், வருடிய சான்றிதழ்கள் ஆகியவற்றை இன்னொரு பகுதியிலும் வைத்திருந்தோம்.

இரண்டாவது பகுதியில் இருப்பவை குழந்தைகளின் தனிப்பட்ட விவரங்கள். பெட்டி திருடு போனாலும் வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பகுதியை மட்டும் மறைகுறியாக்கம் செய்திருந்தோம். கடவுச்சொல் இல்லாமல் திறந்தால் பொருளற்ற எண்களாகத்தான் தெரியும்.

முதலில் அளந்து பார்த்தோம்

24 கணினிகளிலும் ஒரே பாட ஒளிப்படத்தைத் திறந்தால் படம் நின்று நின்று ஓடியது. குரல் பதிவுகளைத் திறக்கவும் நேரமானது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இன்னொரு முன்னாள் மாணவரிடம் கேட்டேன். அவர் உடனே செயலியைப் பற்றிப் பேசவில்லை. "டீச்சர், நீங்கதானே எங்களுக்கு மின்சுற்றுல ஒவ்வொரு இடமா வோல்ட்மீட்டர் வெச்சுப் பாக்கச் சொன்னீங்க? அதேதான். தகவல் வர்ற வழியில ஒவ்வொரு இடமா அளந்து பாருங்க" என்றார்.

ஒரு கோப்பு வன்தட்டிலிருந்து மாணவரின் திரைக்கு வரும் வழி இது: வன்தட்டு, செயலி, பெட்டியின் வலையமைப்பு இணைப்பு, கேபிள், சுவிட்ச், மாணவரின் கணினி. இந்தச் சங்கிலியில் எது மிக மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். மற்ற கண்ணிகளை எவ்வளவு வேகமாக்கினாலும் பயனில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு அளந்தோம். மறைகுறியாக்கம் செய்யப்படாத பகுதியிலிருந்து 4,000 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பைக் கணினிக்குப் படியெடுத்தோம். ஒரு மாணவி நிறுத்துக் கடிகாரம் பிடித்தாள். 6 நிமிடம் 4 விநாடி, அதாவது 364 விநாடி ஆனது. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 11 மெகாபைட். அந்த நேரத்தில் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் செயலியின் பயன்பாடு 10 விழுக்காட்டைத் தாண்டவே இல்லை.

இந்த 11 என்ற எண்தான் துப்பு. வலையமைப்பு வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பு என்றால் 100 ÷ 8 = 12.5 மெகாபைட், நடைமுறையில் 11 கிடைக்கும். 1,000 மெகாபிட் இணைப்பு என்றால் 125. நடைமுறையில் 110 வரை கிடைக்கும். எங்கள் பெட்டியும் சுவிட்சும் 1,000 மெகாபிட் திறன் கொண்டவை. அப்படியிருந்தும் 100இல் ஓடிக்கொண்டிருந்தன.

காரணம் கேபிள். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 இணைகளாக இருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். மேசைக்கால் ஏறியோ எலி கடித்தோ ஒரு கம்பி அறுந்தால் கருவி நின்றுவிடாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. எங்கள் கேபிளை ஒரு பீரோவின் கால் அழுத்திக்கொண்டிருந்தது.

பாட ஒளிப்படம் ஏன் நின்று நின்று ஓடியது என்பதையும் மாணவர்களே கணக்கிட்டார்கள். ஒரு ஒளிப்படத்துக்கு விநாடிக்கு 4 மெகாபிட் தேவை என்றால், 24 கணினிகளுக்கு 96 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பில் உண்மையில் கிடைப்பது அதைவிடச் சற்றுக் குறைவு. நாலைந்து கணினிகள் மட்டும் திறந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வகுப்பு முழுவதும் திறந்தால் திணறல். புதுக் கேபிள் போட்டதும் அதே 4,000 மெகாபைட் கோப்பு 38 விநாடியில் வந்தது. பாட ஒளிப்படங்களின் சிக்கல் அன்றே தீர்ந்தது.

கரும்பலகையைப் பார்த்து மெதுவாக எழுதும் குழந்தையை "எழுத்துப் பயிற்சி போதவில்லை" என்று நினைத்துவிடுகிறோம். பிறகு கண் பரிசோதனை முகாமில்தான் கண்ணாடி தேவை என்பது தெரிகிறது. அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

செயலி உண்மையிலேயே திணறிய இடம்

மாணவர் பகுதி மட்டும் இன்னும் மெதுவாகவே இருந்தது. அங்கிருந்து கோப்புகளைப் படியெடுக்கும்போது செயலியின் பயன்பாடு 100 விழுக்காட்டைத் தொட்டு அங்கேயே நின்றது. இப்போது கேபிளோ வன்தட்டோ காரணம் அல்ல. ஒவ்வொரு பைட்டையும் மறைநிலையிலிருந்து மீட்க வேண்டிய கணக்குச் சுமைதான் காரணம்.

இந்த மறைகுறியாக்கத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் முறை ஏஇஎஸ். அமெரிக்க அரசு 2001இல் தரநிலையாக ஏற்றுக்கொண்ட முறை இது. ஒவ்வொரு 16 பைட் துண்டையும் 10 முதல் 14 சுற்றுகள் கலைத்து மாற்றுகிறது. சாதாரணச் செயலி இதைப் பல சிறு சிறு கட்டளைகளாக உடைத்துச் செய்யும். சில செயலிகளில் இந்தச் சுற்றுக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றில் அதே வேலை பல மடங்கு விரைவாக முடியும். எங்கள் செலரானில் அந்தக் கட்டளைகள் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் கணினி அறையை மாலையில் பூட்டும்போது முதன்மை மின்சுவிட்சை அணைத்துவிடுவோம். மாணவர் பகுதியில் 1 டெராபைட், அதாவது சுமார் 10,00,000 மெகாபைட் இருக்கிறது. அதைப் படித்து, மறைநிலையிலிருந்து மீட்டு, வெளி வன்தட்டில் மீண்டும் மறைகுறியாக்கி எழுத வேண்டும். விநாடிக்கு 40 மெகாபைட்தான் வந்தது. 25,000 விநாடி, ஏறத்தாழ 7 மணி நேரம். ஒரு பள்ளி நாள் முழுவதும் போதாது. இடையில் ஒரு முறை மின்சாரம் நின்றால் திரும்பவும் முதலிலிருந்து. அதனால் முழு நகல் எடுக்கும் வேலையையே மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தோம். எட்டு ஆண்டுக் குரல்களுக்கும் அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு இடம் இல்லை.

வேகம் குறைவு என்பதைவிட, நகல் எடுக்க முடியவில்லை என்பதே செயலியை மாற்ற எங்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

எல்லாப் பெட்டியிலும் மாற்ற முடியுமா?

முடியாது. சந்தையில் உள்ள சிறு சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, இத்தகைய பெட்டிகளில் அதிகம் காணப்படும் இன்டெல் செலரான் ஜே3455 பற்றவைக்கும் வகைதான். அதைக் கழற்ற நினைத்தால் பெட்டியே போய்விடும். எங்கள் மாதிரியில் செயலி சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. எல்ஜிஏ 1155 என்பது அந்தச் சாக்கெட்டின் பெயர்; 1,155 தொடுமுனைகள் என்பது பொருள். பெட்டியைத் திறக்காமலேயே இதை அறியலாம். செயலியின் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பார்த்தால், சாக்கெட் என்ற வரியில் 'எல்ஜிஏ' என்று இருந்தால் கழற்றலாம். 'பிஜிஏ' என்று இருந்தால் பற்றவைத்தது, விட்டுவிடலாம்.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. நாங்கள் சரிபார்த்தவை இவை:

முதலாவது, தலைமுறை. தாய்ப்பலகையும் அதன் பயாஸ் மென்பொருளும் புதிய செயலியை அடையாளம் காண வேண்டும். பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், பழைய செயலி இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிய பிறகு பெட்டி எழவில்லை என்றால் புதுப்பிக்க வழியே இருக்காது.

இரண்டாவது, வெப்பம். செயலியின் விவரத்தில் வாட் கணக்கில் ஒரு வெப்ப அளவு இருக்கும். எங்கள் பழைய செயலிக்கு 35 வாட். அந்தப் பெட்டியின் வெப்ப உறிஞ்சிக்குத் தனி விசிறி கிடையாது; பின்புறம் உள்ள ஒரே விசிறிதான் எல்லாவற்றையும் குளிர்விக்கிறது. மின்வழங்கியும் 150 வாட்தான்.

மூன்றாவது, நினைவகம். எங்கள் பெட்டி டிடிஆர்3 வகையில் பிழைதிருத்தும் நினைவகத்தை ஏற்பது. உச்ச அளவு 16 ஜிகாபைட். புதிய செயலியும் அதே நினைவகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

நான்காவது, திரைக்காட்சி. சில செயலிகளில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்காது. தாய்ப்பலகையிலேயே அதற்குத் தனிச் சில்லு இருந்தால் கவலையில்லை. எங்கள் மாதிரியில் இருந்தது.

ஐந்தாவது, நமக்குத் தேவையான திறன். எங்களுக்கு வேண்டியது ஏஇஎஸ் கட்டளைகள். அதிகக் கடிகார வேகம் இருந்தும் அந்தக் கட்டளைகள் இல்லாத செயலிகள் உண்டு. கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் ஏமாந்திருப்போம்.

இந்தச் சாக்கெட்டுக்குப் பொருந்தும் ஜியான் வரிசையில் மூன்றைப் பட்டியலிட்டோம். இ3-1230 வி2: 4 உட்கருக்கள், 69 வாட். இ3-1265எல் வி2: 4 உட்கருக்கள், 45 வாட். இ3-1220எல் வி2: 2 உட்கருக்கள், 17 வாட். மூன்றிலும் ஏஇஎஸ் கட்டளைகள் உண்டு. மாணவர்கள் எல்லோரும் முதலாவதையே கேட்டார்கள். "ஏப்ரல் மாசம் நம்ம ரூம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். குளிர்சாதனம் இல்லாத, சிமெண்டுத் தளம் போட்ட அறை. 35 வாட்டுக்கு அமைத்த வெப்ப உறிஞ்சியில் 69 வாட் செயலியை வைத்தால் என்னாகும் என்பதை அவர்களே சொன்னார்கள். 17 வாட் செயலியைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு உட்கருக்கள்தான், ஆனால் எங்கள் வேலைக்குத் தேவையான கட்டளைகள் அதில் இருந்தன, வெப்பமும் பழையதைவிடப் பாதி.

இந்தச் செயலிகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பயன்படுத்தியவை கிடைக்கும். கடைக்கார மாணவர் வாங்கித் தந்தார். விலை ஒரு புதிய வன்தட்டின் விலையில் பாதிகூட இல்லை.

அனுமதியும் பதிவேடும்

திருகைத் தொடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். துறை வழியாக வழங்கப்பட்ட, உத்தரவாதக் காலத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள எந்தக் கருவியையும் நாம் திறக்கக் கூடாது. பழுது என்றால் உரிய முறையில் புகார் பதிவு செய்வதே சரி. எங்களுடையது நன்கொடைப் பொருள், உத்தரவாதம் முடிந்தது. அப்படியும் தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தெரிவித்தோம். கழற்றிய செயலி, மாட்டிய செயலி இரண்டையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். நாளை நான் மாறுதலாகிச் சென்றாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நகல் எடுக்கப் போய்க் கண்டது

செயலி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். இறந்துபோன ஒரு பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே நகல் எடுக்காமல் பெட்டியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்கு நகலெடுப்பைத் தொடங்கிவிட்டு நானும் காத்திருந்தேன்.

அப்போது பொழுதுபோகாமல் வன்தட்டுகளின் உடல்நல அறிக்கையைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வன்தட்டும் தன்னைத்தானே கண்காணித்துச் சில எண்களைப் பதிந்து வைக்கும். அதில் ஒன்று, மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. தட்டின் ஒரு பகுதி பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் இடத்துக்குத் தகவலை மாற்றிக்கொள்ளும். அந்த எண்ணிக்கை சுழியாக இருப்பது நல்லது. மூன்று தட்டுகளில் சுழி. நான்காவது தட்டில் காலையில் 212. மதியம் பார்த்தபோது 260.

அந்தத் தட்டு அணைந்துகொண்டிருந்தது.

எங்கள் நான்கு தட்டுகளும் ரெய்டு 5 என்ற அமைப்பில் இருந்தன. ஒரு தட்டு போனாலும் மற்ற மூன்றிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம். இரண்டாவதும் போனால் எதுவும் மிஞ்சாது. இந்த அமைப்பு இருப்பதால் நகல் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். அது தவறு. தவறுதலாக அழித்துவிட்டாலோ, இடி மின்னலில் பெட்டியே எரிந்தாலோ, திருடு போனாலோ நான்கு தட்டுகளும் சேர்ந்தேதான் போகும். நகல் என்பது வேறு தட்டில், வேறு இடத்தில் இருப்பது.

மாலை 3 மணிக்கு நகல் முடிந்தது. அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து, ஒலி கேட்கிறதா என்று சரிபார்த்தோம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது. பிறகு அந்த வெளி வன்தட்டைத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அடுத்த வாரம் பழுதான தட்டை மாற்றி, அமைப்பு முழுமையாக மீளும்வரை காத்திருந்து, அதன் பிறகே செயலிக்கு வந்தோம். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றினால், சிக்கல் வரும்போது எதனால் வந்தது என்று தெரியாது. சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்லித்தருவது இதற்காகத்தானே!

மாற்றிய நாள்

செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டியை முறைப்படி அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தோம். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடியும். வன்தட்டுகளில் 1, 2, 3, 4 என்று தாள் ஒட்டி வெளியே எடுத்து வைத்தோம். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டோம்.

நிலைமின்னூட்டம் பற்றி எட்டாம் வகுப்பில் சீப்பும் தாள் துண்டும் வைத்துக் காட்டுகிறோம். நாம் உணராத அளவு சிறிய மின்னிறக்கமும் சில்லைக் கெடுக்கப் போதும். புவியிணைப்புக் கைப்பட்டை அணிந்துகொண்டு வேலை செய்தோம். பாலியஸ்டர் விரிப்பை மேசையிலிருந்து எடுத்துவிட்டோம்.

வெப்ப உறிஞ்சியின் நான்கு திருகுகளையும் மூலைவிட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ஒரே பக்கம் முழுதாகத் தளர்த்தினால் அழுத்தம் சாய்ந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே இழுக்காமல் மெதுவாக இருபுறமும் திருப்பினால் விடும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து மாவாகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்தோம்.

அடுத்ததுதான் மிகவும் கவனம் தேவைப்படும் இடம். இந்த வகைச் சாக்கெட்டில் ஊசிகள் செயலியில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. முடியைவிடச் சற்றே தடித்த 1,155 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் தாய்ப்பலகை வீணாகலாம். நெம்புகோலைத் தூக்கி, பழைய செயலியை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுத்தோம். புதியதன் மூலையில் உள்ள முக்கோணக் குறியையும் ஓரத்தில் உள்ள வெட்டுகளையும் சாக்கெட்டோடு பொருத்தி, மேலிருந்து வைத்தோம். அழுத்தவே கூடாது, தன் எடையிலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் திசை தவறு. பிறகு நெம்புகோலை இறக்கிப் பூட்டினோம். அப்போது மட்டும் சற்று அழுத்தம் தேவைப்படும், அது இயல்பு.

பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு போதும். "நிறைய வெச்சா நல்லாக் குளிரும்ல டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். செயலியின் பரப்பும் உறிஞ்சியின் பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய பள்ளங்கள் கொண்டவை. அந்தப் பள்ளங்களில் காற்று இருக்கும். செம்பு, காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. பேஸ்ட் உலோகத்தைப்போல் கடத்தாது; ஆனால் காற்றைவிடப் பல மடங்கு மேல். அதன் வேலை பள்ளத்தை நிரப்புவது மட்டுமே. தடிமனாகப் பூசினால் அதுவே இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சுவராகிவிடும். வெப்பக்கடத்தல் பாடத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வன்தட்டுகளை மாட்டாமல் முதல்முறை பெட்டியை இயக்கினோம். பயாஸ் திரையில் புதிய செயலியின் பெயர் வந்தது. அணைத்து, தட்டுகளை எண் வரிசையில் மாட்டி மீண்டும் இயக்கினோம். ரெய்டு அமைப்பு முழுமையாக எழுந்தது. அன்று முழுவதும் பெரிய கோப்புகளைப் படியெடுத்தபடி, மாணவர்கள் அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரைந்தார்கள். தொடக்கத்தில் ஏறி, பிறகு ஒரு மட்டத்தில் நின்றது. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் உறிஞ்சி சரியாக உட்காரவில்லை என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும்.

என்ன மாறியது?

மாணவர் பகுதியின் முழு நகல் இப்போது விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நடக்கிறது. 10,000 விநாடி, 3 மணி நேரத்துக்கும் குறைவு. மதிய உணவுக்கு முன் முடிந்துவிடுகிறது. செயலி 40 விழுக்காடுதான் உழைக்கிறது. இப்போது சங்கிலியில் மெதுவான கண்ணி வெளி வன்தட்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நகலெடுப்பு நாள் என்று வைத்து, அதைச் செய்யும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுத்திருக்கிறோம்.

பாட ஒளிப்படங்களில் எந்த வேறுபாடும் இல்லை. அதைச் சரிசெய்தது கேபிள். முதல் நாளே எல்லோர் பேச்சையும் கேட்டுச் செயலியை மாற்றியிருந்தால், பணமும் செலவாகி, படமும் நின்று நின்றுதான் ஓடியிருக்கும். அணைந்துகொண்டிருந்த தட்டையும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

உங்கள் பள்ளியில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வரிசையில் பாருங்கள். முதலில் நகல் இருக்கிறதா, அது திறக்கிறதா? அடுத்து, வன்தட்டுகளின் உடல்நல எண்கள் என்ன சொல்கின்றன? பிறகு, ஒரு பெரிய கோப்பைப் படியெடுத்து வேகத்தை அளந்தால் 11 மெகாபைட் வருகிறதா? வந்தால் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். படியெடுக்கும்போது செயலி 100 விழுக்காட்டில் நிற்கிறதா? நின்றால் மட்டுமே செயலியைப் பற்றி யோசிக்கலாம். அது பற்றவைத்ததாக இருந்தாலோ, தாய்ப்பலகையே தளர்ந்திருந்தாலோ, செலவு புதிய கருவியின் விலையை நெருங்கினாலோ மாற்றாமல் விடுவதே நல்லது. பழைய பெட்டிகளை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்காமல், பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்துவதும் அவசியம்.

நகலெடுப்புக் குழுவில் இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். முதல் வெள்ளியன்று நகல் முடிந்ததும் சரிபார்க்க ஏதாவது ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னேன். "எங்க அப்பத்தா பேசினது இருக்கும் டீச்சர், அதைத் தெறக்கவா?" என்று கேட்டாள். அவள் அண்ணன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பதிவு செய்தது. அப்பத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கண்மாய்க் கரையில் நாற்றுக் கட்டு சுமந்ததைப் பற்றி 11 நிமிடங்கள் பேசியிருந்தார். முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, பதிவேட்டில் 'நகல் சரி' என்று எழுதி அவளே கையெழுத்திட்டாள்.